உங்கள் ஹீரோ கொடுத்த மருந்தில் யாருமே ஏன் சாவதில்லை?

மருந்தையும் சட்டத்தையும் தனிமனித சுதந்திரத்தையும் கலந்து த்ரில்லர் எழுதுகிற எழுத்தாளர்களுக்கு,

வணக்கம்.

நான் எழுதுகிறவன் இல்லை, படிக்கிறவன். இரவு பதினோரு மணிக்கு இன்னும் ஒரே ஒரு அத்தியாயம் என்று உட்கார்ந்து, மூன்று மணிக்குக் கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, மறுநாள் அலுவலகத்தில் கொட்டாவி விடுகிற ரகம். அதனால் உங்கள் மேல் வன்மம் வைத்து எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் ஆதங்கம், அவ்வளவுதான்.

ஆதங்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மருந்தைச் சாப்பிட்டவருக்கு ஏதாவது ஏடாகூடமாக ஆகிவிட்டால் டாக்டரோ நர்ஸோ வீட்டு ஆட்களோ அதை எழுதி அனுப்புவார்கள். அப்படி வருவதைப் படித்து, நாள் வாரியாக அடுக்கி, அறிக்கையாக்கி அனுப்புவதுதான் என் பிழைப்பு. நாங்கள் அதை 'கேஸ்' என்போம். அடையாளம் சொல்லக்கூடிய ஒரு நோயாளி, தகவல் சொன்ன ஒருவர், சந்தேகத்துக்குரிய ஒரு மருந்து, நடந்துபோன ஒரு கெடுதல். இந்த நான்கும் இருந்தால் கேஸ், ஒன்று குறைந்தாலும் கேஸ் இல்லை. விளைவு மோசமானது, மருந்தோடு வரும் சீட்டில் அதுவரை எழுதப்படாதது என்றால் 15 நாளுக்குள் அது கட்டுப்பாட்டு அமைப்பிடம் போய்ச் சேர வேண்டும். ஆராய்ச்சிக் கட்டத்தில் யாரும் எதிர்பார்க்காத மரணம் என்றால் 7 நாள். உங்கள் கதைகளில் டிக் டிக் என்று ஒரு கடிகாரம் ஓடுமே, எங்களுக்கு அது தினமும் ஓடுகிறது. குண்டு மட்டும் வெடிக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் நாவல்களில் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. மருந்துக் கம்பெனியை விட்டு வெளியே வந்த ஒரு மேதாவி இளைஞன் ஒரு மருந்தைக் கண்டுபிடிக்கிறான். சாதாரண மருந்தா அது, சாவு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிற மருந்து. அரசாங்கம் அனுமதி தர மறுக்கிறது. ஏன் என்று கேட்டால், பெரிய கம்பெனிக்காரன் பணத்தை இறைத்திருக்கிறான். ஹீரோ கள்ளத்தனமாக விற்க ஆரம்பிக்கிறான், இல்லாதவர்களுக்குச் சும்மாவே கொடுக்கிறான், அப்புறம் துப்பாக்கி, துரத்தல், நடுவில் ஒரு காதல், கடைசியில் நீதிமன்றத்தில் இரண்டு பக்க வசனம்: என் உடம்பு என்னுடையது, அதற்குள் என்ன போக வேண்டும் என்று சொல்ல நீ யார்? கூட்டம் எழுந்து கைதட்டுகிறது. நானும் மனசுக்குள் கைதட்டியிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொரு வகை இதையே தலைகீழாகப் புரட்டிப்போட்டது. கம்பெனி பேய், அதிகாரி தெய்வம், ஒரு நேர்மையான பெண் அதிகாரி கோப்பைத் திறந்து பார்க்கிறார், ஆதாரம் கையில் கிடைக்கிறது, அவரைக் கொல்ல ஆள் வருகிறது.

இரண்டு வகையிலும் ஒரு விஷயம் மாறுவதே இல்லை. ஹீரோ எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தால் யாரும் சாவதில்லை. நானூறு பக்கத்தில் கள்ள மருந்து வாங்கிச் சாப்பிட்ட ஒரு ஆளுக்குக்கூட ஈரல் வீங்குவதில்லை. அதிகாரி கோப்பை நிறுத்திவைத்த அந்த எட்டு மாதத்தில், அந்த மருந்து வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்து செத்துப்போன ஒரு நோயாளிகூட எந்த அத்தியாயத்திலும் வருவதில்லை. பிணம் எல்லாம் எதிராளியின் கணக்கில். இதற்கு எதற்கு ஐயா, தார்மீகச் சிக்கல் என்று பின்னட்டையில் போடுகிறீர்கள்?

ஒரு சின்ன விலகல். ஆங்கிலத்தில் போதைப்பொருளுக்கும் மருந்துக்கும் ஒரே சொல் போதும், அதனால் அந்த மொழி நாவல்களில் ஒரே மூச்சில் இரண்டையும் குழப்பி விளையாடலாம். நம்மிடம் இரண்டும் தனித்தனி. ஆனால் மருந்து என்ற நம் சொல்லையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பூச்சிமருந்தும் மருந்துதான், வெடிமருந்தும் மருந்துதான். வள்ளுவர் சாவா மருந்தைப் பற்றிப் பேசுகிறபோதும், விருந்தாளி வெளியே நிற்கும்போது அதைக்கூடத் தனியாக உண்ணாதே என்றுதான் சொல்கிறார். சாகாமல் வைக்கும் மருந்தே கையில் இருந்தாலும், அதை யார் உண்பது, யார் வெளியே நிற்பது என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை. இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நீங்கள் கறுப்பு வெள்ளைக் கதை எழுதுகிறீர்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நிஜத்தில் நடந்தது உங்கள் கற்பனையைவிட எவ்வளவு விபரீதமானது என்று பாருங்கள். 1937, அமெரிக்கா. சல்பானிலமைடு என்ற மருந்துக்குத் தொற்றுநோய்கள் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காலம். மாத்திரையாகவும் பொடியாகவும் இருந்ததைத் திரவமாக்கினால் குழந்தைகளும் குடிக்கும் என்று ஒரு கம்பெனி நினைத்தது. அங்கிருந்த வேதியியலாளர், அது டைஎதிலீன் கிளைகால் என்ற தொழிற்சாலைத் திரவத்தில் அருமையாகக் கரைகிறது என்று கண்டுபிடித்தார். ராஸ்ப்பெர்ரி சுவை சேர்த்தார்கள். நிறம் சரியா, மணம் சரியா, ருசி சரியா என்று பார்த்தார்கள். குடித்தால் என்ன ஆகும் என்று மட்டும் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லி அன்றைய சட்டமும் கேட்கவில்லை. சிறுநீரகம் நின்றுபோய் நாள்கணக்கில் துடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் நிறைய குழந்தைகள்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தன்னிடமிருந்த 239 ஆய்வாளர்கள், வேதியியலாளர்களில் ஏறக்குறைய எல்லோரையும் அந்தப் பாட்டில்களைத் தேடி வெளியே அனுப்பியது. விற்பனையாளர்களைப் பிடித்து, கடைகளில் மருந்துச் சீட்டுகளைப் புரட்டி, அரைகுறைப் பெயரை வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடினார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு மலைப்பகுதிக்குக் குடிபோய்விட்ட ஒரு குடும்பத்தின் மூன்று வயதுப் பையனைத் தேடுவதற்காக ஒரு டாக்டர் தன் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார். இதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பாட்டில்களைப் பறிமுதல் செய்ய அவர்கள் கையில் இருந்த சட்டப்பிடி என்ன தெரியுமா? 'எலிக்சிர்' என்று சீட்டில் போட்டிருக்கிறது, எலிக்சிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் தப்பு. ஆளைக் கொன்றது குற்றமாக எந்த ஏட்டிலும் இல்லை! இதை ஒரு நாவலில் நீங்கள் எழுதினால் எடிட்டர் நம்பும்படியாக இல்லை என்று வெட்டிவிடுவார்.

கம்பெனி முதலாளி, எங்கள் பக்கம் பொறுப்பு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை என்றார். வேதியியலாளர் தற்கொலை செய்துகொண்டார். தான் எழுதிக் கொடுத்த மருந்தால் ஆறு நோயாளிகள் இறந்தார்கள், அதில் ஒருவர் என் நெருங்கிய நண்பர் என்று ஒரு டாக்டர் கடிதம் எழுதினார். சட்டம் இவர்கள் மூவரில் யாரையும் கொலைகாரன் என்று சொல்லவில்லை. ஒரே பாட்டில், மூன்று மனசாட்சி. தனிமனித அறம் பற்றிய நாவல் எழுதுகிறேன் என்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அடுத்த வருஷம், 1938-ல்தான், விற்பதற்கு முன் பாதுகாப்பைக் காட்டு என்று சட்டம் வந்தது. அதே டைஎதிலீன் கிளைகால் 2022-லும் இருமல் மருந்தில் கலந்து காம்பியாவில் குழந்தைகளின் உயிரைக் குடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பழங்கதை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

1937-ல் சிகாகோவில் அந்த விஷத்தை விலங்குகளில் சோதித்த ஆய்வகத்தில் ஃபிரான்ஸிஸ் கெல்சி என்று ஒரு மாணவி இருந்தார். 23 வருஷம் கழித்து, 1960-ல், அவர் எஃப்.டி.ஏ.வில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மேசைக்கு வந்த விண்ணப்பம் தாலிடமைடு. ஐரோப்பாவில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த தூக்க மருந்து, சுலபமான கோப்பு என்றுதான் புது ஆளிடம் கொடுத்தார்கள். அப்போதைய விதி என்னவென்றால், 60 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லாவிட்டால் மருந்து தானாகவே கடைக்குப் போய்விடும். அவர் ஒவ்வொரு முறையும் விவரம் போதவில்லை என்று கடிதம் எழுதி அந்த 60 நாளைத் திரும்ப ஒன்றிலிருந்து ஓடவிட்டார். கம்பெனி ஆட்கள் நேரில் வந்தார்கள், ஃபோனில் பிடுங்கினார்கள், மேலதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள். ஒன்றரை வருஷம் இப்படியே போனது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மருந்து கருவில் இருக்கும் குழந்தையின் கை கால்களைச் சிதைக்கும் என்று ஆரம்பத்தில் அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவரிடம் இருந்தது அரைகுறையான தரவுகளைப் பார்த்த எரிச்சலும், அந்த மருந்தால் நரம்புகள் மரத்துப்போகின்றன என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு டாக்டர் எழுதிய கடிதமும்தான். அதை வைத்துத்தான் கர்ப்பிணிகளுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு வந்தார். உங்கள் பெண் அதிகாரிக்குக் கிடைப்பதுபோல ரகசிய பென்டிரைவ் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து உண்மை வெளியே வராமல் போயிருந்தால், அல்லது உண்மை என்று ஒன்று இல்லாமலே இருந்திருந்தால், வரலாற்றில் அவர் வெறும் முட்டுக்கட்டை. அந்த ஒன்றரை வருஷமும் தான் யார் என்று அவருக்கே தெரியாது. ஒரு மனுஷி தினமும் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது த்ரில்லராகாதா? ஆக்குவதற்குத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்.

இப்போது மறுபக்கம். 1988 அக்டோபர் 11. அதே எஃப்.டி.ஏ.யின் தலைமையகத்தை எய்ட்ஸ் போராளிகள் ஆயிரத்துக்கும் மேல் திரண்டு முற்றுகையிட்டார்கள். பலர் நோயாளிகள். எங்களைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் காத்திருக்க வைக்கிறீர்கள், காத்திருக்க எங்களுக்கு வருஷம் இல்லை என்பதுதான் அவர்கள் வாதம். மருந்துச் சோதனைகளில் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுப்பார்கள், யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள். சோதனையில் சேர்ந்த நோயாளிகள் மாத்திரையை வெளியே கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள், நிஜ மருந்து கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களோடு பங்கு போட்டுக்கொண்டார்கள். விஞ்ஞானத்தின் கணக்கில் அது சோதனையைக் கெடுப்பது. கூட இருக்கிறவனைச் சாக விடாமல் இருப்பதற்கு வேறு பெயர் உண்டு. இரண்டும் ஒரே செயல்!

அவர்கள் கத்தியதால் விதிகள் மாறின, 1992-ல் விரைவு அனுமதி என்ற வழி வந்தது. கதை அங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு வசதி. முடியவில்லை. எய்ட்ஸுக்கு முதலில் வந்த மருந்தான ஏஇசட்டியை அறிகுறி தெரியும் முன்னே தனியாகக் கொடுத்தால் ஆயுள் கூடவில்லை என்று 1993-ல் ஒரு பெரிய ஆய்வு சொல்லியது. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் சாவு நிஜமாகவே குறைந்தது. அதற்கிடையில் அந்தப் போராளிகளிலேயே சிலர், அவசரப்பட்டு அனுமதிக்காதீர்கள், எது வேலை செய்கிறது என்று ஒழுங்காகத் தெரிந்தாக வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். நேற்று கதவை உடைத்தவன் இன்று கதவுக்குப் பூட்டு போடச் சொல்கிறான், இன்னொரு பழைய தோழன் அவனைத் துரோகி என்கிறான். இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து இருபது பக்கம் எழுதுங்கள். துப்பாக்கியே வேண்டாம்.

நான் இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வக்காலத்து வாங்குகிறவன் என்று இதற்குள் முத்திரை குத்தியிருப்பீர்கள். மேலே சொன்னேனே, கேஸ் ஆவதற்கு நான்கு விஷயம் வேண்டும் என்று. மருந்து சாப்பிட்டுச் செத்தவருக்கு அந்த நான்கும் கிடைக்கும். மருந்து வருவதற்குள் செத்தவருக்கு? நோயாளி உண்டு, சொல்வதற்கு ஆளும் உண்டு, கெடுதலும் நடந்துவிட்டது. சந்தேகத்துக்குரிய மருந்து என்ற கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. ஆகவே அவர் கேஸ் இல்லை. என் மேசைக்கு அவர் வரவே மாட்டார், என்னைப் போன்ற யாருடைய மேசைக்கும் வர மாட்டார். இத்தனை வருஷ வேலையில் தாமதத்தால் இறந்த ஒருவரைப் பற்றிக்கூட நான் ஒரு வரி எழுதியதில்லை. அதிகாரி தப்பாக அனுமதித்தால் இறந்தவர்களின் படம் பத்திரிகையில் வரும், விசாரணைக் குழுவுக்கு முன்னால் அவர் நிற்க வேண்டும். தப்பாக மறுத்தால் ஒன்றும் நடக்காது, ஓய்வு பெறும்போது மாலை போடுவார்கள். எந்தப் பக்கம் சாய்வது அவருக்குப் பத்திரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் கெட்டவராகவோ லஞ்சம் வாங்குகிறவராகவோ இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல மனுஷனாக இருந்தாலே போதும். வில்லனை எங்கேயோ தேடிக்கொண்டிருக்கிறீர்களே, அவர் இந்தப் படிவத்துக்குள் இருக்கிறார்.

அதற்காக, அப்படியென்றால் எல்லாவற்றையும் திறந்துவிடு, ஜனங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று உங்கள் ஹீரோ பேசுகிற வசனத்தையும் நான் விழுங்க மாட்டேன். பார்த்துக்கொள்ள முடியாது. ஜனங்கள் முட்டாள் என்பதால் சொல்லவில்லை, டாக்டர்களாலேயே முடியவில்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத்துடிப்பு தப்பித் தப்பி அடித்தால் அதை அடக்க என்கைனைடு, ஃபிளெகைனைடு என்று இரண்டு மருந்துகள் இருந்தன. டாக்டர்கள் கொடுத்தார்கள், இசிஜியில் பார்த்தால் துடிப்பு அழகாகச் சீராகியிருக்கும், நோயாளிக்கும் சந்தோஷம், டாக்டருக்கும் சந்தோஷம். போலி மாத்திரையோடு வைத்து ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1989-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று, ஏனென்றால் மருந்து சாப்பிட்டவர்கள் போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இறந்துகொண்டிருந்தார்கள். கண்ணுக்கு முன்னால் குணமாவது தெரிகிறது, கண்ணுக்குத் தெரியாமல் ஆள் போய்க்கொண்டிருக்கிறார். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர் திடீரென்று இறந்தால் யாரும் மாத்திரையைச் சந்தேகிக்க மாட்டார்கள். உங்கள் ஹீரோவிடம் மருந்து வாங்கி, குணமாகிவிட்டேன் என்று கண்ணீரோடு கையைப் பிடிக்கிற அந்தப் பெரியவர் இருக்கிறாரே, அவரைப் பார்த்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

ஓபியாய்டு என்கிற அபின் வகை வலி மாத்திரைகள் விஷயம் உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால் வேகமாகத் தாண்டுகிறேன். அந்த வகையில் ஒன்றான ஆக்ஸிகாண்டின் 1995-ல் அனுமதி பெற்றபோது, மருந்து மெதுவாக உடம்பில் சேர்வதால் தவறான பயன்பாடு குறையும் என்று நம்பப்படுகிறது என ஒரு வரி அதன் சீட்டில் இருந்தது. 'நம்பப்படுகிறது.' யார் நம்பினார்கள் என்று அந்த வரியில் இல்லை. அதைப் பரிசீலித்த அதிகாரி பிற்பாடு அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். 2007-ல் அந்த மருந்தை ஏமாற்றி விற்றதாகக் கம்பெனி தரப்பு குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒரு அமைப்பையே நம்பாமல் போவதற்கு இது போதும் என்று உங்கள் ஹீரோ சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஊழலில் நடந்தது என்ன? கட்டுப்பாடு அதிகமாக இருந்ததாலா அந்த மாத்திரைகளுக்கு அடிமையாகி அத்தனை பேர் செத்தார்கள்?

சுதந்திரம் என்று வந்தால் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லைக் கூப்பிடாமல் உங்கள் நீதிமன்றக் காட்சி முடிவதில்லை. கூப்பிடுங்கள், ஆனால் முழுசாகக் கூப்பிடுங்கள். 1859-ல் அவர் விஷ விற்பனையைப் பற்றியே எழுதியிருக்கிறார். தடை செய்யாதே, ஆபத்து என்று சீட்டு ஒட்டு என்றார். வாங்குகிறவனுக்குத் தான் வாங்குவது விஷம் என்று தெரிய வேண்டாம் என்று யாரும் ஆசைப்பட முடியாது என்பது அவர் வாதம். டாக்டர் சீட்டு எல்லாவற்றுக்கும் கட்டாயம் என்றால் சில சமயம் பொருள் கிடைக்காமலே போகும், எப்போதும் செலவு கூடும் என்றும் சொன்னார். இதுவரை உங்கள் ஹீரோ கைதட்டுவான். அப்புறம், விற்பவன் பதிவேடு வைக்கட்டும், வாங்கியவன் பெயர், முகவரி, நேரம், அளவு, எதற்கு வாங்குகிறான் என்பதெல்லாம் எழுதட்டும், டாக்டர் சீட்டு இல்லையென்றால் மூன்றாவது ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும் என்றும் அதே மூச்சில் எழுதினார். இதைப் படித்தால் உங்கள் ஹீரோ முகம் சுருங்கும்.

இடியப்போகிற பாலம் ஒன்றையும் அவர் உதாரணம் சொல்வார். ஒருவன் தெரியாமல் அதில் கால் வைக்கப் போகிறான், எச்சரிக்க நேரமில்லை என்றால் பிடித்து இழுக்கலாம், அது அவன் சுதந்திரத்தில் கை வைப்பது ஆகாது, ஏனென்றால் ஆற்றில் விழ அவன் ஆசைப்படவில்லை. ஆனால் நிச்சயம் இல்லை, ஆபத்து மட்டும்தான் என்றால் எச்சரித்துவிட்டு விட்டுவிட வேண்டும். அழகான உதாரணம். மருந்தில் என்ன சிக்கல் என்றால் பாலம் இடியுமா இடியாதா என்று யாருக்கும் தெரியாது, பாலம் கட்டியவனுக்கும் தெரியாது. சிலர் நடந்து பார்த்தால்தான் தெரியும். முதலில் நடக்கப்போவது யார், அவரிடம் என்ன சொல்லி நடக்க வைப்பது? உங்கள் நாவல் ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றும். நீங்களோ பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கத்தில் ஆரம்பிக்கிறீர்கள்.

எங்கள் வேலையில் ஒரு கேள்வி உண்டு. மருந்தை நிறுத்தியதும் கோளாறு சரியாயிற்றா? சரியானது என்றால் சந்தேகம் பலப்படும். அடுத்த கேள்வி, மருந்தைத் திரும்பக் கொடுத்தபோது கோளாறு திரும்ப வந்ததா? வந்தது என்றால் ஏறக்குறைய நிச்சயம். இந்த இரண்டாவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும், தெரிந்தே யார் திரும்பக் கொடுப்பார்கள்? நிச்சயமாகத் தெரிந்துகொள்ளும் வழி கண்ணுக்கு முன்னால் இருக்கும், அதில் கால் வைக்க முடியாது. ஆகவே, தொடர்பு இருக்கலாம் என்று டிக் போட்டுவிட்டு அடுத்த கேஸுக்குப் போவோம்.

அப்படி நான் டிக் போட்ட ஒன்றைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி நிறைய மாற்றியிருக்கிறேன். நோயாளி ஆண், எழுபதைத் தாண்டியவர். தகவல் சொன்னவர் மகள். வேறு ஒரு நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து, அப்பாவின் நோய்க்கு அதைக் கொடுக்கலாம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, மகளே இணையத்தில் படித்து, எங்கேயோ சொல்லிவைத்து வாங்கியிருக்கிறார். ஏழாவது நாள் அப்பா எழுந்து உட்கார்ந்தார். எட்டாவது நாள் ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போடச் சொல்லி, மாதக்கணக்கில் பேசாதவர், பக்கத்து வீட்டு நாயைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாராம். பன்னிரண்டாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. பத்தொன்பதாம் நாள் இறந்துவிட்டார். மகள் இதையெல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தார், மணிகூடப் போட்டிருந்தார், எங்கள் ஆட்கள் எழுதுவதைவிட ஒழுங்காக. கடைசி வரி மட்டும் படிவத்தின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே: நான் கொடுத்திருக்கக் கூடாதா?

விதிப்படி நாங்கள் மருத்துவத் தகவலை மட்டும்தான் எடுத்து எழுத வேண்டும். நாயை விட்டுவிட்டேன். நாற்காலியை விட்டுவிட்டேன். 'ஏழாம் நாள் பொதுநிலையில் முன்னேற்றம்' என்று எழுதினேன். அந்தக் கடைசி வரியை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கொஞ்ச நேரம் பார்த்தேன், அதற்குக் கட்டம் இல்லை. தொடர்பு இருக்கலாம் என்று டிக் போட்டேன். பதினோராம் நாளே அனுப்பியாயிற்று, நான்கு நாள் மிச்சம்.

அந்த மகளுக்கு உரிமை இருந்ததா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. வேலையில் இருக்கிறவனாக நான் சொல்ல வேண்டியது ஒன்று, அந்த எட்டாவது நாளை நினைக்கும்போது தோன்றுவது வேறொன்று. 2018-ல் அமெரிக்கா கொண்டுவந்த முயன்றுபார்க்கும் உரிமைச் சட்டம்கூட, முதல் கட்டச் சோதனை தாண்டிய மருந்தை, வேறு வழியற்ற நோயாளி, கம்பெனியிடமே நேரடியாகக் கேட்கலாம் என்கிறது, கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்கும் உரிமை, கிடைக்கும் உரிமை இல்லை. அந்த இடைவெளியில்தான் நிஜமான ஆட்கள் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே ஒரு நாவல்கூட இன்னும் என் கண்ணில் படவில்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. உங்கள் அடுத்த நாவலில் ஹீரோ கொடுக்கும் மருந்து ஒருவரையாவது கொல்லட்டும். கலப்படம், சதி, யாரோ மாத்திரையை மாற்றிவிட்டார்கள் என்றெல்லாம் பின்னால் சமாளிக்காமல், அதே மருந்து, அதே அளவு, நல்ல எண்ணத்தோடு கொடுத்தது. அந்த ஆளின் மகள் ஹீரோ வீட்டுக் கதவைத் தட்டட்டும். அதே நாவலில் அதிகாரி கோப்பை நிறுத்தி வைத்ததால் இறந்த ஒருவருக்கும் ஒரு அத்தியாயம் கொடுங்கள், பெயரோடு. எங்களால் அவருக்குக் கேஸ் நம்பர் கொடுக்க முடியவில்லை, உங்களால் பெயராவது கொடுக்க முடியும். அப்புறம் ஹீரோ மறுபடியும் அந்தப் பெட்டியைத் திறந்து அடுத்த ஆளுக்கு மருந்து எடுக்கிறானா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எப்படி முடித்தாலும் மூன்று மணிவரை உட்கார்ந்து படிப்பேன்.

நீதிமன்ற வசனம் வேண்டுமானால் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த 15 நாள் கணக்கை மட்டும் தப்பாகப் போட்டுவிடாதீர்கள். போட்டால் நிச்சயம் கடிதம் எழுதுவேன்.

இப்படிக்கு,
அறிக்கை எழுதிப் பிழைக்கிற ஒரு வாசகன்